நாற்றம் எப்போது நாறத் தொடங்கியது? ஒரு சொல்லின் நிகழ்வு ஆய்வு

மெய்ப்புத் தாளில் நான்கு இடங்களில் ஒரே சொல் அடிக்கப்பட்டிருந்தது. திருக்குறளுக்கு எளிய உரை ஒன்று அச்சுக்குப் போகவிருந்த நேரம். உரை எழுதியவர் மூலத்தில் உள்ள சொல்லை முடிந்த மட்டும் அப்படியே வைத்துக்கொண்டு எழுதும் வழக்கமுள்ள பெரியவர். பிழை பார்த்தவரோ வேலைக்குச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத இளம் பெண். ஒற்றுப்பிழை எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. ‘நாற்றம்’ என்று வந்த இடத்திலெல்லாம் சிவப்புக் கோடு இழுத்து, ஓரத்தில் ‘மணம்’ என்று எழுதியிருந்தார். நான்கில் ஒன்றுக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு கேள்விக்குறி.

“இதை இப்படியே விட்டால் படிப்பவர்கள் சிரிப்பார்கள், சார்” என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் கோட்டை அழித்து ‘இருக்கட்டும்’ என்று எழுதுவதற்கு முன், ஏன் இருக்கட்டும் என்று எனக்கே விளங்கியாக வேண்டியிருந்தது. அந்த வாரம் முழுக்க அந்த ஒரு சொல்லோடுதான் போயிற்று. சொற்பொருள் ஆய்வு என்றால் என்ன என்று யாராவது கேட்டால் இனி கொள்கை எதையும் விரிக்கப் போவதில்லை. இந்த நான்கு கோடுகளைத்தான் காட்டுவேன்.

நான்கு கோடுகள்

முதல் கோடு 27ஆம் குறளில். “சுவைஒளி ஊறுஓசை நாற்றமென ஐந்தின் வகைதெரிவான் கட்டே உலகு.” ஐம்புலன்களுக்கும் எட்டும் பொருள்களின் பட்டியல் இது. நாக்குக்குச் சுவை, கண்ணுக்கு ஒளி, தோலுக்கு ஊறு, காதுக்கு ஓசை, மூக்குக்கு நாற்றம். இந்த இடத்தில் ‘மணம்’ என்று மாற்றினால் மூக்கு பாதி மூக்காகிவிடும். சுவை என்றால் கசப்பும் அடங்குகிறது. ஓசை என்றால் இரைச்சலும் அடங்குகிறது. நாற்றத்துக்கு மட்டும் நல்ல பாதியை வைத்துக்கொண்டு கெட்ட பாதியை வெட்டிவிட்டால் பட்டியல் சாய்ந்துவிடும். இங்கே நாற்றம் என்பது நன்மை தீமை எதையும் சொல்லாத சொல்: மூக்கில் படுவது எதுவோ அது.

இரண்டாவது 650. “இணரூழ்த்தும் நாறா மலரனையர் கற்றது உணர விரித்துரையா தார்.” கற்றதைப் பிறர் உணர எடுத்துச் சொல்லத் தெரியாதவர்கள், கொத்துக் கொத்தாய்ப் பூத்தும் நாறாத பூவைப் போன்றவர்கள். இன்றைய காதோடு கேட்டால் இது வசையல்ல, பாராட்டு: நாறாத பூ நல்ல பூதானே? திருவள்ளுவர் சொன்னதற்கு நேர் எதிரான பொருள் கிடைக்கிறது. சொல் ஒன்றுகூட மாறவில்லை. குறள் மட்டும் தலைகீழாகக் கவிழ்ந்துவிட்டது.

மூன்றாவது 1274. “முகைமொக்குள் உள்ளது நாற்றம்போல் பேதை நகைமொக்குள் உள்ளதொன் றுண்டு.” விரியாத அரும்புக்குள் ஒளிந்திருக்கும் நாற்றத்தைப் போல அவளுடைய புன்னகையின் அரும்புக்குள் ஏதோ ஒன்று இருக்கிறது. இங்கே ‘மணம்’ பழுதில்லாமல் பொருந்துகிறது.

கேள்விக்குறி போட்டது 1113ஆம் குறளில். “முறிமேனி முத்தம் முறுவல் வெறிநாற்றம் வேலுண்கண் வேய்த்தோ ளவட்கு.” தளிர் போன்ற மேனி, முத்துப் பல், வேல் போன்ற கண், மூங்கில் தோள், நடுவில் ‘வெறிநாற்றம்’. காதலியைப் பாடும் குறளில் இப்படியொரு சொல்லா என்று அந்தப் பெண் பேனாவை நிறுத்திவிட்டார். நிறுத்தியது நல்லதாயிற்று. ஏனென்றால் இங்கே கெட்டுப்போயிருப்பது ஒரு சொல் அல்ல, இரண்டு. ‘வெறி’ என்பதற்கு நறுமணம் என்ற பொருள் பழந்தமிழில் உண்டு. இன்று வெறி என்றால் வெறிநாய்தான் நினைவுக்கு வரும். இரண்டு நல்ல சொற்கள் கைகோத்துக்கொண்டு நின்றன. இரண்டுமே விழுந்துவிட்டதால் அந்தக் குறள் இன்றைய வாசகரின் காதில் ஒரு புகாரைப் போல ஒலிக்கிறது.

ஆக, 27இல் நடுநிலை. 650, 1274இல் நல்லது. 1113இல் முன்னால் நிற்கும் ‘வெறி’தான் நறுமையைச் சுமக்கிறது, நாற்றம் அதற்கு அடியில் நடுநிலையாகவே இருக்கிறது. ஒரே நூலில் ஒரே சொல் நான்கு இடத்திலும் ஒரே எடையில் நிற்கவில்லை. எனவே நான்கையும் ஒரே மாற்றுச் சொல்லால் அடைத்துவிட முடியாது. திருத்தம் அங்கேயே தோற்றுவிட்டது. ஆனால் திருத்தியவரின் காது தோற்கவில்லை; அது இந்த நூற்றாண்டின் காது, அவ்வளவுதான்.

பழைய சாட்சிகள்

சொல்லின் பழைய பொருளைத் தேடும்போது நாம் எல்லோரும் செய்யும் பிழை ஒன்று உண்டு. சொல் நின்ற வரியில் நமக்கு எந்தப் பொருள் தோன்றுகிறதோ, அதைச் சொல்லின் மேல் ஏற்றிவிடுகிறோம். பூவைப் பற்றிய வரி என்றால் நறுமணம். மீனைப் பற்றிய வரி என்றால் தீநாற்றம். பொருள் பூவிலிருந்தும் மீனிலிருந்தும் வருகிறதா, சொல்லிலிருந்தே வருகிறதா என்று பிரித்துப் பார்ப்பதில்லை. பிரித்துப் பார்க்க எனக்குக் கைகொடுத்தவை இரண்டு சங்கப் பாடல்கள்.

குறுந்தொகை 193ஆம் பாட்டின் முடிவு இது: “மணந்தனன் மன்எம் தோளே, இன்றும் முல்லை முகைநா றும்மே.” அன்று அவன் என் தோளைத் தழுவினான், இன்றும் அந்தத் தோள் முல்லை அரும்பாய் நாறுகிறது. ஒரே மூச்சில் ‘மணந்தனன்’ என்றும் ‘நாறும்’ என்றும் வருவதைக் கவனிக்க வேண்டும். மணத்தல் இங்கே கூடுதல், சேர்தல். மூக்கின் வேலையை நாறுதல் செய்கிறது. இன்று அப்படியே இடம் மாறிவிட்டது: மணக்கும் என்றால் மூக்குக்கு இனிமை, நாறும் என்றால் மூக்கைப் பொத்த வேண்டும்.

நற்றிணை 45 நெய்தல் நிலப் பாட்டு. பெரிய நகரத்துச் செல்வன் ஒருவன் மீனவப் பெண்ணின் பின்னால் வருகிறான். தோழி அவனைத் தடுத்து நிறுத்துகிறாள். நாங்கள் சுறாமீனை அறுத்துக் காயவைத்துப் பறவை ஓட்டுகிறவர்கள், “புலவு நாறுதும், செலநின் றீமோ.” எங்கள் மேல் புலால் நாறும், எட்டி நில். அந்த ‘நாறுதும்’ என்ற தன்மைப் பன்மையில் ஒரு குத்தல் இருக்கிறது. எங்களுக்கும் உங்களுக்கும் ஒத்துவராது என்பதை மூக்கின் வழியாகச் சொல்லிவிடுகிறாள்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். முல்லை நாறும், புலவு நாறும். ஒரே வினை. முன்னால் வரும் பெயர்தான் இது இனியதா இன்னாததா என்று தீர்மானிக்கிறது. நாறுதல் வெறும் வண்டி; ஏற்றிய சரக்கை அது கொண்டுபோய்ச் சேர்க்கும்.

இலக்கண நூல்களும் இதையே சொல்கின்றன. தொல்காப்பியம் ஐந்தாம் வேற்றுமையின் பொருள்களை அடுக்கும்போது வண்ணம், வடிவு, அளவு, சுவை என்று தொடங்கிப் பலவற்றைச் சொல்லி, “இன்மை உடைமை நாற்றம் தீர்தல்” என்று போகிற போக்கில் நாற்றத்தையும் சேர்த்துக்கொள்கிறது. நன்மை, தீமை இரண்டுக்கும் அதே பட்டியலில் தனித்தனி இடம் இருக்கிறது. நாற்றம் அவை இரண்டிலும் சேராமல் தனியாக நிற்கிறது. 13ஆம் நூற்றாண்டு நன்னூல் உயிரில்லாப் பொருள்களின் குணங்களைக் கணக்கிடும்போது “இருநாற்றம் ஐவண்ணம் அறுசுவை” என்கிறது. நாற்றம் இரண்டு வகை: நறுநாற்றம், தீநாற்றம். இலக்கணக்காரர் நறுமை ஒரு பக்கம், தீமை ஒரு பக்கம் என்று அடை கொடுத்துப் பிரிக்கிறார் என்றால், அடையில்லாத சொல் எந்தப் பக்கமும் சாயவில்லை என்று பொருள்.

அடை இல்லாமலே நல்ல பக்கம் சாய்ந்த சான்றும் உண்டு. ஆண்டாள் சங்கைப் பார்த்து, “கருப்பூரம் நாறுமோ கமலப்பூ நாறுமோ” என்று திருமாலின் வாயைப் பற்றிக் கேட்கிறார். திருப்பாவையின் பத்தாம் பாட்டில் “நாற்றத் துழாய்முடி நாராயணன்” என்கிறார். நறு, நல், இன் எதுவும் முன்னால் இல்லை. வெறும் ‘நாற்றத் துழாய்’. துளசி என்பதால் மணம் என்று தானாகவே புரிந்துகொள்வார்கள் என்ற நம்பிக்கை அந்தச் சொற்றொடரில் இருக்கிறது. அந்த நம்பிக்கைதான் இன்று இல்லை. இதே சோதனையை இன்றைய பேச்சில் செய்து பார்க்கலாம்: ‘மல்லிகை நாறுகிறது’ என்று சொன்னால், பூ அழுகிவிட்டது என்றுதான் கேட்பவர் புரிந்துகொள்வார். பூவே முன்னால் வந்து நின்றும் வினையைக் காப்பாற்ற முடியவில்லை. சொல் எவ்வளவு தூரம் போய்விட்டது என்பதற்கு இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு சாட்சி நம் வாயிலேயே தினமும் இருக்கிறது: ‘துர்நாற்றம்’. நாற்றமே கெட்டது என்றால் அதற்கு முன்னால் ‘துர்’ எதற்கு? கெட்ட கெட்ட வாடை என்று யாரும் சொல்வதில்லையே. அந்த முன்னொட்டு, நாற்றம் இன்னும் நடுநிலையாக இருந்த காலத்தில் அதோடு ஒட்டிக்கொண்டது. வேலை போன பிறகும் அலுவலக அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிபவரைப் போல அந்த ‘துர்’ இன்றும் செய்தித்தாளில் வந்துகொண்டிருக்கிறது.

நாற்றங்கால் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது கேட்பார்கள். ‘நாறு’ என்பதற்கு முளைத்தல், தோன்றுதல் என்ற பொருளும் உண்டு. நாற்று அதிலிருந்து வந்தது. நாற்றங்காலில் கெட்ட வாடை எதுவும் இல்லை. அந்தக் கிளை இந்த வீழ்ச்சியில் சிக்காமல் வயலிலேயே பத்திரமாக இருக்கிறது.

காரணம் தேடி

“பழையன கழிதலும் புதியன புகுதலும்” என்ற நன்னூல் வரியை எடுத்துப் போட்டு விஷயத்தை முடித்துவிடுவது எளிது. பலர் முடித்தும் விடுகிறார்கள். ஆனால் அந்த வரி மாற்றத்துக்கு அனுமதி தருகிறதே தவிர, விளக்கம் தருவதில்லை. தொல்காப்பியர் உரியியலில் சொன்னது இங்கே இன்னும் நேர்மையாகப் படுகிறது: “மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா.” சொல்லுக்குப் பொருள் வந்த காரணம் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடாது. தெரியவே தெரியாது என்று அவர் சொல்லவில்லை.

முதலில் தோன்றும் காரணம், மூக்கின் இயல்பு. காற்று சாதாரணமாக இருக்கும்போது யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஏதாவது கெட்டால்தான் பேச்சு எழுகிறது. அப்படியானால் நாற்றம் என்ற சொல் வாயில் வரும் தருணங்களில் பெரும்பாலானவை கெட்ட தருணங்கள். திரும்பத் திரும்ப அந்தத் தருணங்களிலேயே கேட்டுக் கேட்டுச் சொல்லிலேயே கறை படிந்துவிடுகிறது. ஆங்கிலத்திலும் இதே கதைதான். பழைய ஆங்கிலத்தில் ‘ஸ்டிங்கன்’ என்ற வினை நல்ல மணத்துக்கும் வந்தது. அது கெட்டுப்போய் ‘ஸ்டிங்க்’ ஆனது. அந்த இடத்துக்கு ‘ஸ்மெல்’ வந்தது. இப்போது ‘ஸ்மெல்’லும் அடை இல்லாமல் வந்தால் கெட்ட பக்கம் சாய்கிறது.

ஒரு சொல் எந்தச் சொற்களோடு உறவாடுகிறதோ அதைக் கொண்டே அதை அறியலாம் என்று பிரிட்டிஷ் மொழியியலாளர் ஜே. ஆர். ஃபர்த் 1957இல் எழுதினார். பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பதன் கல்விப் பதிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். தமிழில் இதற்கு என் விருப்பமான எடுத்துக்காட்டு ‘நேர்ந்தது’. அகராதியில் அதற்கு நிகழ்ந்தது, சம்பவித்தது என்றுதான் இருக்கும். ஆனால் விபத்து நேர்கிறது, இழப்பு நேர்கிறது, அவமானம் நேர்கிறது. ‘அவருக்குப் பதவி உயர்வு நேர்ந்தது’ என்று எழுதிப் பாருங்கள், வாசகர் ஒரு நொடி தயங்குவார். அகராதியில் இல்லாத நிழல் ஒன்று அந்தச் சொல்லுக்குப் பின்னால் விழுகிறது. நாற்றத்துக்கு விழுந்த நிழல் இருண்டு இருண்டு கடைசியில் சொல்லின் பொருளாகவே ஆகிவிட்டது.

இந்தக் காரணம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் முழுதாக நம்ப முடியவில்லை. அதைத் தடுப்பது கன்னடம். நம் ‘கமழ்’, ‘கமகம’ ஆகியவற்றுக்கு உறவான ‘கம்பு’ என்ற சொல் கன்னடத்தில் நறுமணம். அதே சொல் தெலுங்கில் துர்நாற்றம். மூக்கின் இயல்புதான் எல்லாச் சொல்லையும் கீழே இழுக்கிறது என்றால், கன்னடக் ‘கம்பு’ எப்படி மேலேயே நின்றது? கன்னடர்களின் மூக்கு வேறு, தெலுங்கர்களின் மூக்கு வேறு என்று சொல்ல முடியாது. கன்னடத்தில் கெட்ட வாடைக்கு ‘நாத’ என்ற சொல் இருக்கிறது. நம் நாற்றத்துக்கு உறவுதான். அதாவது அங்கே கெட்ட நாற்காலியில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். ‘கம்பு’ அதில் போய் உட்கார வேண்டிய அவசியம் ஏற்படவில்லை.

நாற்காலிக் கணக்கு என்பது நான் கண்டுபிடித்ததல்ல. சொற்பொருளியலுக்குப் பெயர் வைத்தவரே அதைச் சொல்லியிருக்கிறார். பிரெஞ்சு அறிஞர் மிஷேல் பிரெயால் 1883இல் ‘செமாந்திக்’ என்ற சொல்லை உருவாக்கினார். 1897இல் அதே துறைக்கு முதல் பெரிய நூலையும் எழுதினார். ஒரே பொருளுக்கு இரண்டு சொற்கள் இருந்தால் மக்கள் அவற்றைச் சும்மா விடுவதில்லை, ஏதாவது ஒரு வேறுபாட்டைப் பங்கிட்டுக் கொடுத்துவிடுவார்கள் என்பது அவர் கண்ட விதிகளில் ஒன்று. தமிழில் மூக்கைச் சுற்றி மணம், வாசம், வாசனை, கந்தம், பரிமளம் என்று ஒரு கூட்டமே கூடியது. அவற்றில் வடமொழியிலிருந்து வந்தவற்றுக்கு மரியாதையான இடங்களில் புழங்கும் வாய்ப்பு அதிகம். நல்ல நாற்காலிகள் நிரம்பின. நாற்றத்துக்கு மிச்சம் இருந்தது ஒன்றுதான்.

இதற்கும் எதிர்வாதம் உண்டு, நானே எழுப்பிக்கொண்டேன். நல்ல பக்கத்துப் போட்டியாளர்கள் சங்க காலத்திலும் இருந்தார்களே? கமழ்தல் இருந்தது, விரை இருந்தது, வெறி இருந்தது, நறை இருந்தது. அப்போதெல்லாம் நாற்றம் விழவில்லை. உண்மைதான். ஆனால் அந்தப் பழைய போட்டியாளர்களில் பலரும் செய்யுளோடு நின்றுவிட்டவர்கள். கமழ்தலை இன்று கவிதை எழுதுகிறவர்கள்தான் தொடுகிறார்கள். அன்றாட வாயில் நாற்றத்தோடு மோதியவை மணமும் வாசனையும்தான். போட்டி எத்தனை சொல்லோடு என்பது முக்கியமில்லை. எந்தப் பேச்சில் என்பதுதான் முக்கியம்.

பிரெயால் இன்னொன்றும் சொன்னார். சொற்கள் இயல்பாகவே கெட்டுப்போகும் குணமுடையவை என்று அவர் காலத்தில் ஒரு பேச்சு இருந்தது. அவர் அதை மறுத்தார். சொல்லுக்கு அப்படியொரு குணம் கிடையாது. அருவருப்பானதை மூடிச் சொல்ல வேண்டும் என்ற மனிதனின் நாகரிகம்தான் நல்ல சொல்லைக் கெட்ட பொருளின் மேல் போர்த்துகிறது. போர்வைதான் பிறகு அழுக்காகிறது. நமக்கு இது புதிதல்ல. “அவையல் கிளவி மறைத்தனர் கிளத்தல்” என்று தொல்காப்பியமும், இடக்கரடக்கல் என்று நன்னூலும் சொன்னதுதான். ஆனால் மறைத்துச் சொன்ன சொல்லுக்குப் பிறகு என்ன ஆகிறது என்ற அடுத்த கேள்வியைப் பிரெயால் கேட்டார். ஒரு நூற்றாண்டு கழித்து ஸ்டீவன் பிங்கர் என்ற உளவியலாளர் இதை ஓடிக்கொண்டே இருந்தும் நகராத டிரெட்மில்லுக்கு ஒப்பிட்டார். நமக்குச் செக்குமாடு போதும்.

மூன்று காரணங்களில் எதற்கு வாக்களிப்பது? என் கணிப்பில் மாற்றத்தைத் தொடங்கிவைத்தது மரியாதை. வீட்டுக்கு வந்தவரிடம் ‘புலவு நாறுகிறது’ என்று சொல்லக் கூச்சப்பட்ட யாரோ, புலவை விழுங்கிவிட்டு ‘நாறுகிறது’ என்று மட்டும் சொன்னார். முல்லையை விழுங்க யாருக்கும் காரணமில்லை. முல்லையை எல்லோரும் வாய் நிறையச் சொல்வார்கள். எனவே பெயர் இல்லாமல் தனியாக வந்த ‘நாறுகிறது’ ஒவ்வொன்றும், சொல்ல விரும்பாத ஒன்றையே குறித்தது. வண்டி காலியாக வந்தால் அதில் இருந்த சரக்கு என்ன என்பது ஊருக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு நாற்காலிப் போட்டி அந்த இடத்தை உறுதியாக்கியது. மூக்கின் இயல்பு பின்னாலிருந்து தள்ளியது, அவ்வளவே.

எப்போது என்று நாள் குறிக்க முடியாது. ஆண்டாள் காலத்தில் வெறும் ‘நாற்றம்’ இனித்தது; நன்னூல் காலத்தில் இலக்கணத்திலாவது நடுநிலை இருந்தது. ஆனால் இலக்கியமும் இலக்கணமும் பேச்சுக்குப் பின்னால் நடந்து வருபவை. மலையாளத்திலும் ‘நாற்றம்’ கெட்ட வாடைதான் என்பதைப் பார்க்கும்போது, ஏட்டில் சொல் இனித்துக்கொண்டிருந்த நாள்களிலேயே எங்கோ வாயில் அது புளிக்கத் தொடங்கியிருக்கலாம் என்று தோன்றுகிறது.

இன்று அது மூக்கைவிட்டும் வெளியே வந்துவிட்டது. பெயர் நாறுகிறது, குடும்ப விஷயம் தெருவில் நாறுகிறது, ஒருவரை ஒருவர் நாறடிக்கிறார்கள். இப்படி உருவகமாகப் பயன்படும் அளவுக்குப் போன சொல் திரும்பி வந்ததை நான் பார்த்ததில்லை.

இன்னொரு தாள்

இதோடு நிறுத்தியிருப்பேன். அதே வாரத்தில், அதே மேசைக்கு, வேறொரு தாள் வந்தது. சமையல் எரிவாயுவைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது பற்றிய மொழிபெயர்ப்புக் கையேடு. அதில் இருந்த வாக்கியம்: “எரிவாயு இயல்பில் மணமற்றது. எனவே கசிவை உணர்வதற்காக அதில் மணமூட்டி சேர்க்கப்படுகிறது.”

எரிவாயுவில் சேர்ப்பது எத்தில் மெர்காப்டன். மிக மிகச் சிறிய அளவிலேயே மூக்கைத் துளைக்கும் கந்தகச் சேர்மம். அழுகிய முட்டைக்கோஸ் என்று சிலர் சொல்வார்கள். அதை ‘மணமூட்டி’ என்று எழுதினால், சிலிண்டரைத் திறந்ததும் ஊதுவத்தி வாசனை வரும் என்று படிப்பவர் நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. மொழிபெயர்த்தவர் மேலும் தவறில்லை. அவருக்குத் தேவைப்பட்டது, நல்லது கெட்டது இரண்டையும் சேராத ஒரு சொல். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்தச் சொல் தமிழில் இருந்தது. ‘நாற்றமற்ற வாயு’, ‘நாற்றமூட்டி’ என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். இன்று ‘நாற்றமற்ற வாயு’ என்றால், நல்ல வேளை, நாற்றமில்லை என்ற நிம்மதிதான் கேட்கிறது.

அந்த இடத்தில்தான் எனக்கு விஷயத்தின் மறுபக்கம் தெரிந்தது. ஒரு சொல் கெட்டுப்போனதைப் பற்றியே ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருந்தேன்; அது எழுந்துபோன நாற்காலி காலியாகக் கிடப்பதைக் கவனிக்கவில்லை. மலையாளத்தில் ‘மணம்’ அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. அங்கே கெட்ட மணம் என்று கூச்சமில்லாமல் சொல்லலாம். தமிழில் மணம் நல்ல பக்கத்தைவிட்டு இறங்க மறுக்கிறது. வேதியியல் பாடநூல்கள் ‘நிறமற்ற, மணமற்ற வாயு’ என்று எழுதிச் சமாளிக்கின்றன. இல்லாததைச் சொல்லும்போது அது ஓடிவிடுகிறது, இருப்பதைச் சொல்லும்போதுதான் இடறுகிறது. வாடை கெட்ட பக்கம் பாதி வழி போய்விட்டது. நெடி என்றால் காரம். வீச்சம் என்றால் பேச்சே வேண்டாம். மிச்சம் இருப்பது வாசனை. ‘கெட்ட வாசனை’ என்று பலரும் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். முரணாக யாருக்கும் படவில்லை. அப்படியென்றால் வாசனை மெல்ல நடு நாற்காலியை நோக்கி நகர்கிறது. ‘ஏதோ வாசனை வருகிறதே’ என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு சொல்பவரையும் கேட்டிருக்கிறேன். அடை போய், முகச்சுளிப்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது. நாற்றம் எப்படிப் போனதோ அதே வழி.

கடைசியில் செய்தது இவ்வளவுதான். குறள் உரையில் நான்கு இடத்திலும் கோட்டை எடுத்துவிட்டோம். 27இல் ‘நாற்றம்’ அப்படியே நிற்கிறது; அடிக்குறிப்பில், மூக்குக்குப் புலப்படும் எல்லாமும் என்று ஒரு வரி. 650இலும் 1274இலும் உரையாசிரியரின் சொல்லுக்குப் பக்கத்திலேயே ‘மணம்’ என்பதைச் சேர்த்தோம், அவரும் ஒப்புக்கொண்டார். 1113க்குத்தான் நீண்ட குறிப்பு. வெறி, நாற்றம் இரண்டையும் விளக்க ஆறு வரி பிடித்தது. பக்கத்தில் இடமில்லை என்று வடிவமைப்பாளர் முறையிட்டார். எழுத்தளவைக் குறைத்துக்கொள்ளச் சொன்னோம்.

கையேட்டில் ‘மணமூட்டி’யை எடுத்துவிட்டோம். “எரிவாயுவுக்கு இயல்பில் எந்த வாசனையும் கிடையாது. கசிந்தால் உடனே தெரிவதற்காக, கடுமையான கெட்ட வாடையுள்ள வேதிப்பொருள் ஒன்றை அதில் கலக்கிறார்கள்.” ஒரு சொல் இருந்த இடத்தில் ஒரு வாக்கியம். நீளம்தான்; ஆனால் இதைப் படித்துவிட்டு ஊதுவத்தியை யாரும் நினைக்க மாட்டார்கள்.

திருத்திய தாளை எடுத்துக்கொண்டு போகும்போது அந்தப் பெண் வாசலில் நின்றார். “சார், ‘எந்த வாசனையும் கிடையாது’ என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்களே, இன்னும் ஐம்பது வருடம் கழித்து இதைப் பிழை பார்ப்பவர் என்ன செய்வார்?” என்று கேட்டார்.

சிவப்புக் கோடு போடுவார் என்றேன்.